பச்சை விளக்கு நின்ற நாள்

ஒன்பதாம் தேதி, காலை

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நலம். உன் உடம்பும் மனசும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்குகிறேன், மனசையும் சேர்த்துக் கேட்டதற்குக் காரணம் போகப் போகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுகிறவளுக்கு இப்போது எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். தபால்தலை வாங்கப் போன இடத்தில் கவுண்டரில் இருந்த பெண் பார்சலா கடிதமா என்று இரண்டு தரம் கேட்டாள், கடிதம்தான் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. ஆபீசில் வைத்துப் படிக்கவே படிக்காதே. பத்திரமாக இருக்கட்டும் என்று போனில் படம் எடுத்து வைக்கத் தோன்றும், எடுக்காதே. படித்து முடித்ததும் கிழித்துப் போடு, உனக்கு எதையும் கிழிக்க மனசு வராது என்று தெரிந்துதான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அப்பாவுக்கு வலது தோள் வலி விட்டபாடில்லை. ரிட்டையர் ஆகி மூன்று வருஷம் ஆன பிறகும் பழைய லிப்ட் எங்கேயாவது நின்றுவிட்டால் கம்பெனியில் இருந்து இவரைத்தான் கூப்பிடுகிறார்கள், இவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார், ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா. புது லிப்டுகளைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். முன்னெல்லாம் லிப்ட் கெட்டுப்போனால் கத்துமாம், இப்போது கெட்டுப்போகும் முன்னாலேயே கம்பெனிக்குத் தகவல் போகிறதாம், மேனேஜருக்குப் போகிறதாம், உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு மட்டும் ஒரு தகவலும் கிடையாதாம். நான் போன மாதம் முழங்காலுக்கு மருந்து வாங்க எங்கள் பழைய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். முப்பத்தோரு வருஷம் நான் உட்கார்ந்திருந்த டெலிபோன் போர்டு அறையில் இப்போது உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். போன் பண்ணினால் ஒரு மெஷின் குரல்தான், வலி என்றால் ஒன்றை அழுத்து, பிரசவம் என்றால் இரண்டை அழுத்து என்கிறது, பிரசவ வலிக்காரி எதை அழுத்துவாளோ தெரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் தலைமை ஆபரேட்டர் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லிக் கொடுத்தார், காதில் விழுந்தது வாயில் வரக் கூடாது என்று. எந்த வார்டில் யார் செத்தார்கள், எந்த டாக்டர் யாரிடம் கெஞ்சினார் எல்லாம் இந்தக் காதில் விழுந்திருக்கிறது, உன் அப்பாவிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. உனக்கும் சின்ன வயதில் நூறு தரம் சொல்லியிருப்பேன். அதை நீ மறக்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது, அதுவும் ஒரு அரசாங்கக் காகிதத்தில் படித்துத் தெரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே புதுச் சட்டம் வந்ததைப் போனில் சொன்னேன் இல்லையா, ஒவ்வொரு இணைய இணைப்புக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், அந்த இணைப்பில் போகிற எழுத்தை எல்லாம் ஒரு மெஷின் படிக்கும், யார் எதை எழுதினாலும் அந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று. நம் கட்டடத்தில் ஏழு வீட்டுக்கும் தண்ணீர் மோட்டார் ஒன்று, இணைப்பும் ஒன்று, அது உனக்கே தெரியும், பாஸ்வேர்டை மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினதே நீதான். எல்லோருக்கும் பொதுவான இணைப்புக்கு யாரைப் பொறுப்பாளராகப் போடுவது என்று பேச்சு வந்தபோது அப்பா நான் இருக்கிறேன் என்று போனார். அவர் விரலை வைத்தால் அந்த மெஷின் ஆளே இல்லை என்கிறது. நாற்பது வருஷம் கம்பி வடத்தையும் கிரீசையும் பிடித்த கை, ரேகை எங்கே இருக்கும். ஐந்து தரம் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் என் விரலை வைக்கச் சொன்னார்கள், உடனே எடுத்துக்கொண்டது. ஏழு வீட்டுக்கும் நானே பொறுப்பாளர் ஆனேன், கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

சட்டத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு பேச்சு. முதல் மாடி டைப்பிஸ்ட் மாமாவை மறந்திருக்க மாட்டாய், கோர்ட்டில் தட்டச்சு செய்து ரிட்டையர் ஆனவர், அவர் இந்தச் சட்டத்துக்கு ஒரே ஆதரவு. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று மாடிப்படியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். நான் ஒரு நாள் சொன்னேன், மாமா, மடியைத் தடவிப் பார்க்கிறவன் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாதே என்று, அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. கீழே முடி வெட்டுகிறவர் தன் போனில் பதில் சொல்லும் மெஷினோடு நண்பன் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார், அது தன்னைவிட மரியாதை தெரிந்தது என்பார், போன மாதம் வாடிக்கைக்காரர் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை வாங்க, கழுத்தில் கத்தி வைக்கிறேன் என்று விளையாட்டாக எழுதப் போக மறுநாளே எச்சரிக்கை வந்துவிட்டது. இப்போது அவர் போனைப் பேப்பரில் சுற்றி டவல் அலமாரிக்குள் வைத்திருக்கிறார். பக்கத்துத் தையல்காரி இன்னும் ஒரு படி மேல், வாய்விட்டுப் பேசுவதையே குறைத்துவிட்டாள், அளவைக்கூடக் கையால் காட்டுகிறாள். முன்பெல்லாம் நம் மாடிப்படியில் ஒரு கத்தல் இல்லாத நாள் உண்டா, தோலை உரிச்சிடுவேன், காலை ஒடிப்பேன் என்று அம்மாக்கள் கத்துவதைக் கேட்டுத்தான் மணி என்ன என்று தெரியும். இப்போது எல்லோரும் வாங்க, போங்க என்று மெதுவாகப் பேசுகிறார்கள், எனக்கு என்னவோ சாவு வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

போன மாதம் ஆறாம் தேதி என் பேருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. என் பொறுப்பில் உள்ள இணைப்பில் இருந்து ஆறு நாட்கள், மாலை நாலில் இருந்து ஐந்துக்குள், அனுமதி இல்லாத எழுத்து வெளியே போயிருக்கிறது, எழுதியவர் யார் என்று பதினைந்து நாளைக்குள் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் எழுதியது நானே என்று கொள்ளப்படும். என்ன எழுத்து என்று அதில் போடவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் நம் கட்டடத்து ஆட்களைச் சொல்ல வேண்டும், ஏழு வீடும் அன்று சாயங்காலமே நம் வீட்டு ஹாலில் உட்கார்ந்துவிட்டது, உங்களைத் தனியாக மாட்டிவிட மாட்டோம் என்று. டைப்பிஸ்ட் மாமாதான் வழி சொன்னார். மறுநாள் நாலு மணிக்கு எல்லா வீட்டிலும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைப்பது, இணைப்புப் பெட்டியின் விளக்கு எந்த வீடு அணைத்ததும் சிமிட்டாமல் நிற்கிறதோ அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். விளக்கைப் பார்க்க என்னைவிட்டால் யார், நாற்பது விளக்கில் எது எந்த வார்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவள் என்று அவரே சொன்னார். எல்லோரும் சரி என்றார்கள். என்னைக் காப்பாற்றத்தான் எல்லோரும் கூடினார்கள் என்பதை மறந்துவிடாதே.

மறுநாள் நாலு மணிக்கு நான் மட்டும் நம் வீட்டு உள் அறையில், இணைப்புப் பெட்டி இருக்கிற அலமாரி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். டைப்பிஸ்ட் மாமா படிக்கட்டுத் திருப்பத்தில் கையில் தாளோடு நின்றார், மற்றவர்கள் அவரவர் வாசலில். கீழேயிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது, அணைச்சாச்சு, அணைச்சாச்சு என்று. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. நம் வீட்டு டிவி, அப்பா போன், என் போன் எல்லாம் அணைத்தாகிவிட்டது. கடைசியாக மூன்றாவது மாடிக்காரி மிச்சம். அவளை நீ பார்த்ததில்லை, போன வருஷம் குடிவந்தவள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள், படிக்கிற தங்கையோடு இருக்கிறாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து படி ஏறிக்கொண்டிருந்தாள். அவளுக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் நான் அந்தத் துணியைப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ வந்தபோது இணைப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாயே ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டி, அம்மா இதை மட்டும் எப்பவும் அணைச்சுடாதே, இது வழியாத்தான் நான் அங்கிருந்து நம்ம வீட்டு சேனல் எல்லாம் பார்ப்பேன் என்றாயே, அது. தூசி விழாமல் பூப்போட்ட துணியைத் தைத்து மூடி வைத்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை, தினமும் நாலு மணிக்கு டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் துணியைத் தூக்கிப் பார்ப்பேன். பச்சை விளக்கு சிமிட்டினால் உனக்கு அங்கே விடிந்துவிட்டது, எழுந்து உட்கார்ந்து ஏதோ நம் ஊர்ப் பாட்டோ செய்தியோ பார்க்கிறாய் என்று அர்த்தம். நீ இரண்டு வாரம் போன் பண்ணாமல் இருந்தபோதுகூட அந்த விளக்கைப் பார்த்துத்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன். அன்று துணியைத் தூக்கினேன். பெரிய பெட்டி எப்படிச் சிமிட்டியதோ அதே தாளத்தில் உன் பெட்டியும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

முப்பத்தோரு வருஷம் விளக்கைப் பார்த்தவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. என் கை என்னைக் கேட்காமலே போய் உன் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டது. அதே நேரம் மேலே வேன்காரி அணைச்சுட்டேன் என்று குரல் கொடுத்தாள். டைப்பிஸ்ட் மாமா படிக்கட்டில் இருந்து கேட்டார், என்னம்மா, என்ன ஆச்சு என்று. நான் "நின்னுடுச்சு" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன், அதில் பொய் இல்லை, விளக்கு நின்றுதான் போயிருந்தது. வெளியே வந்து பார்த்தால் எல்லார் முகமும் மூன்றாவது மாடியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் உன்னிடம் கேட்போம் என்று நினைத்தேன், பிறகு அவளைக் கூப்பிட்டு விசாரித்தால் அவள் இல்லை என்று தெரிந்துவிடும், விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இப்படி நினைப்பதற்கு ஆயிரம் காரணம் கிடைக்கிறது. டைப்பிஸ்ட் மாமா பழக்க தோஷத்தில் அழகாக ஒரு பதில் அடித்துக் கொண்டுவந்தார், மேற்படி நாளன்று மூன்றாம் மாடிக் கைப்பேசி அணைக்கப்பட்டதும் இணைப்பின் இயக்கம் நின்றது என்பதைப் பொறுப்பாளராகிய நான் தெரிவித்துக்கொள்கிறேன் என்று. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். உன்னைத் திட்டுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், போட்டது என் கைதான்.

அந்த ஞாயிறு நீ போன் பண்ணினாய். அப்பா தோள் எப்படி என்று கேட்கும் முன்னால், சாப்பிட்டாயா என்று கேட்கும் முன்னால், அம்மா அந்தப் பெட்டி விளக்கு எரியலையா என்று கேட்டாய். ஏதோ கரண்ட் கோளாறு என்றேன். கொஞ்ச நேரம் நீ பேசவே இல்லை. நீ பேசாமல் இருந்தது உன் ஆயுசில் அன்றுதான் என்று நினைக்கிறேன்.

பத்து நாள் கழித்து வேன்காரியைக் கூப்பிட்டார்கள். இணைப்பு அலுவலகம் என்று ஒரு புதுக் கட்டடம், நாற்காலி எல்லாம் தரையோடு சேர்த்து முடுக்கியிருக்கிறதாம், டோக்கன் எண் வந்ததும் கதவு தானாகத் திறக்கிறதாம். அதிகாரி நல்ல மனுஷன்தானாம், தண்ணீர் கொடுத்தாராம், நான் முடிவு பண்ணுவது இல்லைம்மா, அது சொல்வதை நான் சொல்கிறேன் என்று திரையைக் காட்டினாராம். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணையில் இருக்கிறவர்கள் பிள்ளைகளை வண்டியில் ஏற்றக் கூடாது என்று விதியாம், வேன் பெர்மிட்டை நிறுத்தி வைத்துவிட்டார்கள், வேன் இப்போது மரத்தடியில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது, தங்கை படிப்பை நிறுத்திவிட்டுத் தையல்காரியிடம் பட்டன் கட்டுகிறாள். வரும் பதினாலாம் தேதி கடைசி விசாரணை. அதில் அவள்தான் என்று முடிவானால் பெர்மிட் நிரந்தரமாகப் போகும், பேர் பட்டியலில் ஏறும். பட்டியலில் பேர் ஏறினவர்களுக்குப் போனும் கிடையாது இணைப்பும் கிடையாது, வேலை கொடுக்கிறவன் முதலில் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறான். நம் கட்டடத்தில் இப்போது அவளோடு யாரும் பேசுவதில்லை. கோபத்தால் இல்லை, பயம். அவளைப் பார்த்தால் தையல்காரி கதவைச் சாத்துகிறாள், முடி வெட்டுகிறவர் குனிந்து தரையைப் பெருக்குகிறார், தரையில் முடியே இல்லாதபோதும் பெருக்குகிறார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் நம் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நான் பயந்துகொண்டு கதவைத் திறந்தேன். அலுவலகத்தில் அவளுக்குக் கொடுத்த நகலைக் கையில் வைத்திருந்தாள், அந்த ஆறு நாள் எழுத்து. ஆறு தரம் படித்தாளாம், பாதி புரியவில்லையாம். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டாள், "அம்மா, நீங்க போர்டுல இருந்தவங்க. லைட் பொய் சொல்லாதுல்ல? அப்ப நான்தான் தெரியாம எதையோ அமுக்கியிருக்கேன். எதை அமுக்கினேன்னு மட்டும் சொல்லிக் குடுங்கம்மா, அங்க போய் ஒத்துக்கறேன்." அவள் என்மேல் சந்தேகப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் விட்டுப்போன நகலை அப்புறம் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது, காதில் விழுந்தது வாயில் வரக் கூடாது என்று ஒரு வேலையில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள், கோடிப் பேர் பேச்சைக் கேட்கிற இந்த மெஷினுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நாங்களும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று. நாங்களும் என்று எழுதியிருந்தாய். நம்ம பாஷையை மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை அம்மா என்று நீ அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது சொன்னாய், நான் ஏழு வீட்டுக்கும் சர்க்கரை கொடுத்தேன். அது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். இங்கே எங்கள் பேச்சை எல்லாம் உட்கார்ந்து படிக்கிற மெஷின் அதுதான் என்று உன் எழுத்தைப் படித்துத்தான் தெரிந்தது. அம்மா பிள்ளையைத் தோலை உரிப்பேன் என்றால் அது மிரட்டல் இல்லை, பாசம் என்று அதற்குப் புரியவைக்க நீங்கள் கேட்ட நேரத்தைக் கொடுக்கவில்லை, பத்துக்கு நாலு தப்பு என்று தெரிந்தே விற்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். அங்கிருந்து எழுதினால் கம்பெனி கண்டுபிடித்துவிடும் என்று அந்தக் கறுப்புப் பெட்டி வழியாக நம் வீட்டு இணைப்புக்குள் வந்து எழுதியிருக்கிறாய். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள், நீ வளர்த்த கடா குறி தவறி மூன்றாவது மாடியில் பாய்ந்துவிட்டது. எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ரொம்பக் கோபம். எழுதினதற்கு இல்லை. எழுதினது அத்தனையும் நிஜம், படிக்கும்போது உன் வயதில் நான் எங்கே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. சொல்லாமல் செய்தாயே, அதற்குத்தான். நம் வாசலில் நின்று கல் எறிந்தால் திரும்பி வருகிற கல் யார் தலையில் விழும் என்று நீ ஒரு நிமிஷம் யோசிக்கவில்லையே. நாலு மணிக்கு நீ பாட்டுக் கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டு நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டார். அப்புறம் லிப்டைப் பற்றித்தான் பேசினார், அவருக்கு வேறு என்ன தெரியும். லிப்டில் பாரம் அதிகமானால் மணி அடிக்கும், கடைசியாக ஏறினவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், அவன் நோஞ்சானாகக்கூட இருப்பான், பாரம் அவனோடது இல்லை, ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு அவன்தான் இறங்குவான், நாற்பது வருஷத்தில் ஒருத்தன்கூட நான் கனம், நான் இறங்குகிறேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை என்றார். கடைசியில், "நீ போ. நான் வாசல்ல நிக்கறேன்" என்றார். அவ்வளவுதான் எங்கள் ஆலோசனை.

ஆகவே பதினாலாம் தேதி நான் போகிறேன். எழுதினது நான்தான் என்று சொல்லப் போகிறேன். உன் பேரைச் சொல்ல மாட்டேன், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. டைப்பிஸ்ட் மாமா அடித்த கடிதத்தில் நான் போட்ட கையெழுத்தை என்ன சொல்லித் திரும்ப வாங்குவது என்றும் யோசித்து வைத்துவிட்டேன், மாட்டிக்கொள்வேன் என்று பயந்து அடுத்தவள்மேல் போட்டேன் என்று சொல்வேன், அதில் பாதி உண்மைதான். ஒரே ஒரு பயம், இந்தக் கிழவியா இதை எழுதினாள் என்று அவர்கள் சிரிப்பார்கள், இங்கேயே உட்கார்ந்து தட்டிக் காட்டு என்பார்கள். அதனால் நீ விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து நாளாகப் பழகுகிறேன், இணைப்பு ஒயரைச் சொருகாமல்தான், பயப்படாதே. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நகலைப் பார்த்து வரி வரியாகச் சொல்கிறார், நான் ஒற்றை விரலால் தட்டுகிறேன். முதல் நாள் ஒரு பக்கத்துக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. நேற்று நகலைப் பார்க்காமலே முழுவதும் அடித்துவிட்டேன். பத்துக்கு நாலு தப்பு எப்படி வருகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியும், மெஷின் எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியும். அடிக்க அடிக்க அது உன் எழுத்து மாதிரியே இல்லை, நானே யாரிடமோ சொல்லக் காத்திருந்த பேச்சு மாதிரி இருக்கிறது. முப்பத்தோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் திறந்தால் என்ன.

என்னை என்ன செய்வார்கள் என்று அழுதுகொண்டு உட்காராதே. ஓட்ட எனக்கு வேன் இல்லை, எனக்கு வேலை கொடுக்கப் போகிறவனும் இல்லை. பட்டியலில் என் பேர் ஏறும், வீட்டில் போனும் இணைப்பும் போகும், ஞாயிற்றுக்கிழமை உன் குரல் போகும். ஏழு வீட்டுக்கும் இணைப்புப் போகும், அதற்கு அவர்கள் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும், இத்தனை நாளுக்கு அப்புறம் மாடிப்படியில் ஒரு சத்தமாவது கேட்கும். இந்தக் கடிதத்தை அப்பா பஸ் ஏறிப் போய் வேறு பேட்டைத் தபால்பெட்டியில் போடுவார். உன் கைக்கு வரப் பதினைந்து நாள் ஆகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். ஆகையால் நீ இதைப் படிக்கும்போது பதினாலாம் தேதி போயிருக்கும், தடுக்கலாம் என்று போனை எடுக்காதே, எடுத்தாலும் இங்கே அடிக்காது. நடுவில் வருகிற ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல நான் தோள்வலி, முழங்கால்வலி என்று பேசுவேன், நீயும் வழக்கம் போலப் பேசியிருப்பாய். அதுதான் கடைசி என்று உனக்குத் தெரியாமல் இருந்ததே நல்லது, தெரிந்தால் நீ உளறிவிடுவாய்.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இப்போதைக்கு இங்கே வராதே, வந்தால் இறங்கும் இடத்திலேயே யார் மகள் என்று கேட்பார்கள். நான் செய்ததைக் கெடுக்கிற மாதிரி அங்கே அவசரப்பட்டு எதையும் செய்யாதே. எழுதாதே என்று நான் சொல்ல மாட்டேன், என் வாயாடியை எழுதாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இனி எழுதினால் உன் பேரைப் போட்டு உன் வாசலில் நின்று எழுது, கூட யார் நிற்கிறார்கள் என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டு எழுது, என்னைக் கேட்டிருந்தால் நின்றிருப்பேன். வேன் மறுபடி ஓடத் தொடங்கியதும் ஒரு நாள் மூன்றாவது மாடிக்கு உன் கையால் நாலு வரி எழுது, பெயர் போட வேண்டாம், மன்னிப்பு என்று மட்டும் போடு. உன் பெட்டியைத் துணியோடு சுற்றி என் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன், தூக்கிப் போட மனசு வரவில்லை. நாலு மணி ஆனால் கை அலமாரிப் பக்கம் தானாகப் போகிறது.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, டீயோடு சேர்த்துப் போடாதே, உன்னைப் பார்க்க விளக்குக்கூட இல்லை என்பதை நினைத்துக்கொண்டாவது வேளைக்குச் சாப்பிடு. அப்பா ஆசி சொல்லச் சொன்னார், தோளைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ண முடியவில்லையாம், இடது கையால் பண்ணுவதை ஏற்றுக்கொள்வாளா கேள் என்கிறார். நீ நூறு வருஷம் வாயாடிக்கொண்டே இரு. எதையும் சொல்லிவிட்டுச் செய்.

இப்படிக்கு,
அந்த ஆறு நாளும் நாலு மணிக்கு உட்கார்ந்து எழுதியவள்,
அம்மா